டக்ட்

ஓமலூர் ரோட்டில் ஊருக்குள் வருகிறவர்களுக்கு
பின்னால் விட்டுவந்த சேர்வராயன் மலை
முன்னாலும் நிற்கும்.
ஏழு மாடிக் கண்ணாடி.
திறப்பு விழா மலரில் அதைப் பற்றி
நாலு பக்கம்.

நான் வரைந்தது மலரில் இல்லை:
லிஃப்டுக்குப் பின்னால்
மூன்றடிக்கு நாலடி,
தரையிலிருந்து மொட்டைமாடிவரை ஓர் இருட்டு.

கீழே பரோட்டாக் கடை. அதன்மேல் வங்கி.
மூன்றில் பல் டாக்டர் மெஹருன்னிசா,
நாலும் ஐந்தும் கல்யாண மண்டபம்,
ஆறில் ஜவ்வரிசிக் கம்பெனியின் கணக்குப் பிரிவு,
ஏழில் முதலாளி அத்தியண்ணன்.
ஒருவர் வாசலில் ஒருவர் முழிக்காதபடி
தனிப் படி, தனி லிஃப்ட்.
குழாய் மட்டும் ஒன்றுதான்.
பல் பிடுங்கி வாய் கொப்பளித்த நீரும்
மணமகள் மருதாணி கழுவிய நீரும்
எந்த மாடி என்று கேட்டுக்கொள்ளாமல் இறங்கும்.

பதினோரு மணிக்குச் சால்னா வாசம்
ஏழாம் மாடி மீட்டிங்கில் வந்து உட்காருகிறதாம்.
வரைந்தவன்தானே, வந்து அடை என்றார்கள்.

டார்ச்சோடு கதவைத் திறந்தேன்.
கல்லில் கரண்டி சுரண்டுவது,
நாதஸ்வரத்தில் ஒரு துண்டு,
பணம் எண்ணும் மெஷின்.

ஆறாம் மாடியில் கணக்கர் தெய்வானை
தலையை நீட்டினார்:
"எங்களுக்கு மட்டும் விட்டுடுங்க சார்.
சன்னல் தொறக்காத கட்டடம்.
மணி என்னன்னு மூக்குதான் சொல்லுது."

ஏழில் இண்டு இடுக்கெல்லாம் சிலிக்கோன் பூசினேன்.
ஆறில் கதவை மட்டும் சாத்தினேன்.

பில்லில் இரண்டு மாடி என்று எழுதிக்கொடுத்துவிட்டு
கீழே இறங்கி
இரண்டு பரோட்டா.