பதினெட்டாம் நாளுக்குப் பிறகு திருப்பக்கூடாது

முல்லைத்தீவிலிருந்து பாரைமீன் வந்த
றெஜிபோம் பெட்டி.
மூன்றுதரம் சவர்க்காரம் போட்டும்
கடல் போகவில்லை.
மூடியைச் சதுரமாய் வெட்டி
சுவரிலிருந்த படத்தின் கண்ணாடியைக் கழற்றிப் பதித்தான் தவபாலன்.
படத்திலிருக்கும் என் தம்பி
இப்போது கண்ணாடியில்லாமல் பார்க்கிறான்.

இரண்டு குமிழ்,
பழங்கணினியின் விசிறி,
கிளிநொச்சியில் வாங்கிய தேமஸ்டாட்.
சிவப்பு எழுத்தில் முப்பத்தேழு தசம் ஐந்து.
மனிசருக்கு அது காய்ச்சலின் தொடக்கம்,
முட்டைக்கு அதுதான் சுகம்.

யோகபுரத்தில் நாலு வீடு ஏறி இறங்கிச் சேர்த்த
நாற்பத்திரண்டு முட்டை.
ஒரு பக்கம் பென்சிலால் வட்டம்,
மறுபக்கம் புள்ளடி.
வாக்குச்சீட்டில் எத்தனை தரம் போட்டிருப்பேன்,
அந்தச் சொல்லுக்குள் ஒரு பறவையின் கால் இருப்பதை
இப்போதுதான் காண்கிறேன்.
வருவதற்கு முன்னமே
ஓட்டின்மேல் நடந்துவிட்டுப் போயிருக்கிறது.

காலை ஆறு, பின்னேரம் இரண்டு, இரவு பத்து.
திருப்ப வேண்டும்.
திருப்பாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிவிடும்.
செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு
நுண்கடன் கொம்பனி நிறோஜன் வருவான்,
ஹெல்மெட்டைக் கழற்றாமல் சொல்வான்:
"அக்கா, திருப்பிக் கட்ட வேணும்."
திருப்பிக்கொண்டுதான் இருக்கிறேன் தம்பி,
நாளுக்கு மூன்றுதரம்.

ஏழாம் நாள் இரவு
போன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம்.
சிவப்பு நரம்புகள்.
வவுனிக்குளத்து வாய்க்கால்களை மேலேயிருந்து பார்த்தால்
இப்படித்தான் இருக்கும்.
நடுவில் துடிக்கிற ஒரு புள்ளி.
ஒன்பதில் வெறும் வெளிச்சம்.
"இதெல்லாம் கூழ்" என்றாள் துளசிகா.
ஒன்பதும் பரிமளா அக்கா தந்தவை.
அவவிடம் சேவல் இல்லை.
நாங்கள் கேட்கவுமில்லை, அவ சொல்லவுமில்லை.

எங்கள் கறுப்பிக்கோழி அடைக்குக் கிடக்காத சாதி.
வாசலில் வந்து நின்று
ஒரு கண்ணால் பெட்டியைப் பார்க்கும்,
பிறகு மற்றக் கண்ணால்.
போய்விடும்.

பதினேழாம் நாள் இரவு காற்று.
மாங்குளம் ரோட்டில் எங்கேயோ மரம் முறிந்து
கரண்ட் போய்விட்டது.
விசிறி நின்ற அமைதிதான் என்னை எழுப்பியது.
சிவப்பு எழுத்து இல்லை,
எத்தனை பாகை என்று தெரியாத இருட்டு.
தவபாலன் அடுப்பை மூட்டினான்.
மூன்று லெமனேட் போத்தலில் சுடுதண்ணி,
துணி சுற்றி முட்டைகளுக்கு நடுவில்.
அரை மணிக்கொருக்கால் மாற்றினோம்.
ஒரு முட்டையை எடுத்து
மூடிய இமைமேல் வைத்துப் பார்த்தேன்.
கை பொய் சொல்லும், இமை சொல்லாது.
விடியப்புறம் நாலேகாலுக்குக் கரண்ட் வந்தது.
ஒருவரோடொருவர் பேசவில்லை.
கேத்தலில் மிஞ்சிய தண்ணியில்
தேத்தண்ணி ஊற்றிக் குடித்தோம்.

பதினெட்டுக்குப் பிறகு திருப்பக்கூடாது.
மூடியைத் திறக்கவும் கூடாது.
கையைச் சும்மா வைத்திருக்க
மூன்று நாளும் பழகவில்லை எனக்கு.

இருபத்தோராம் நாள், செவ்வாய்.
நிறோஜன் வந்தபோது
கண்ணாடிக்கு முன்னால் குந்தியிருந்தேன்.
"அக்கா..."
"உஸ்."
ஓட்டுக்குள்ளிருந்து கீச்சென்று ஒன்று.
பிறகு அரிசியளவு வெடிப்பு.
அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். குந்தினான்.
அவனுடைய போன் இரண்டுதரம் அடித்தது, வெட்டிவிட்டான்.
உள்ளே குஞ்சு தன்னைத்தானே சுற்றிச் சுற்றி
ஓட்டை அறுத்துக்கொண்டிருந்தது.
இத்தனை நாள் நான் திருப்பியதை
இனி அது திருப்புகிறது.
"உடைச்சுவிடட்டோ?" என்றான் மெல்ல.
"கூடாது."

பதினொன்றரைக்கு வெளியே வந்தது,
நனைந்த பழந்துணி மாதிரி.
எழும்பியது, விழுந்தது,
திறக்காத இன்னொரு முட்டையின்
புள்ளடிமேல் காலை வைத்தது.

நிறோஜன் கொப்பியை விரித்தான்.
"வாற கிழமை ரெண்டு தவணையும் சேர்த்து, அக்கா."
படலையடியில் நின்று திரும்பினான்.
"நாலு குஞ்சு எனக்கு எடுத்து வையுங்கோ.
காசு சம்பளத்துக்குத்தான் தருவன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
பென்சிலைத் தேடினேன்.