எங்கட ஆக்கள்

கொக்குவிலில, ரயர் கடைக்கு மேல்மாடி.
ஆறு கொம்பியூட்டர், ஒரு ஃபான்,
மணித்தியாலத்துக்கு நூற்றைம்பது.
மூண்டாவது கதிரையில இருந்துதான்
என்ர குதிரைப்படையை
எதிரியின்ர வாசலில கொண்டுபோய் நிப்பாட்டினன்,
சம்பந்தம் பேசப் போன ஆக்களைப் போல.

இருபத்திரண்டு குதிரை.
வயல் விதைச்சு, பொன் கிண்டி,
முக்கால் மணித்தியாலம் இருந்து சேர்த்தது.
அதுக்கு முதல், உதவிக்கெண்டு
ஐந்நூறு பொன்னும் அனுப்பியிருந்தன்.
அதுவும் அங்கதான் போயிருக்கு.

"டேய், அது எங்கட ஆக்களில்லையடா! நான் பச்சை!"
டிலக்சன் கத்தினது
கீழ காத்தடிச்சுக்கொண்டிருந்தவனுக்கும் கேட்டிருக்கும்.
முன்வரிசையில ஜெனிற்றா திரும்பாமலே சொன்னாள்:
"பொன்னுக்கு நன்றி."

பச்சையாம். சிவப்பாம்.
இரண்டும் எனக்கு ஒரே புழுக்கொடியல்.
ஒண்டு வெயிலில கொஞ்சம் கூடக் கிடந்தது,
அவ்வளவுதான்.

லைசன்ஸ் எடுக்கப் போன இடத்தில
புள்ளி புள்ளியா ஒரு புத்தகம் விரிச்சினம்.
"என்ன இலக்கம் தெரியுது?"
"புள்ளி தெரியுது டொக்டர்."
அடுத்த பக்கம். "இதில?"
"இதிலயும் புள்ளிதான். வடிவாத் தெரியுது."
அவர் சிரிக்கேல்லை.

அதுவரைக்கும் நான் நினைச்சிருந்தது
எல்லாரும் என்னைப்போல
தக்காளியை அமத்தித்தான் பாக்கினம் எண்டு.
கறுத்தக்கொழும்பான் எண்டால் பிரச்சினையில்லை,
அதை ஊரே மூக்காலதான் பாக்குது.
சின்னனில முகமாலை தாண்டேக்க
பஸ் யன்னலால அம்மா காட்டின பலகை
சிவப்பாம்.
எனக்கு மண்டையோடு தெரிஞ்சுது.
அது காணும்.

இந்த விளையாட்டில மண்டையோடு இல்லை.
எல்லாருக்கும் ஒரே தொப்பி, ஒரே ஈட்டி.
வரைபடத்தின்ர மூலையில
கடுகு சிந்தினமாதிரி ஆக்கள்.
நிறத்தை விட்டிட்டு
போக்கைப் பாக்கப் பழகினன்.
விறகு வெட்டப் போறது நேரா நடக்கும்.
கொல்ல வாறது கூட்டமா, கொஞ்சம் வளைஞ்சு வரும்.
டிலக்சன் எப்பவும் இடப்பக்கம்தான் மதில் கட்டுவான்.
இப்பிடியே மூண்டு கிழமை தப்பினன்.
நாலாம் கிழமை
ஜெனிற்றாவும் இடப்பக்கம் கட்டினாள்.

புது விளையாட்டுகளில அதுக்கொரு பெட்டி இருக்காம்,
சரி போட்டால் நிறம் மாறுமாம்.
மயூரதன் அண்ணை களவாக் கொப்பியடிச்சு வைச்சிருக்கிற
இந்தப் பழசில அது இல்லை.

"வேணுமெண்டால் நான் மஞ்சளுக்கு மாறட்டோ?"
படியில செருப்புப் போடேக்க கேட்டாள்.
எனக்குக் காதெல்லாம் சுட்டுது.
"ஒண்டும் தேவையில்லை. எனக்கு நல்லாத் தெரியும்."
சொல்லிப்போட்டு இறங்கி
என்ர திறப்பை
ஆற்றையோ சைக்கிளுக்குப் போட்டுத் திருகினன்.
அதின்ர நிறத்தை நான் கேக்கேல்லை.
அவளும் சொல்லேல்லை.

அடுத்த சனிக்கிழமை
ஒருத்தரும் அதைப்பற்றிக் கதைக்கேல்லை.
ஃபான் சுத்திச்சுது. கீழ ஆரோ ரயர் உருட்டிச்சினம்.
கிழக்குப் பக்கத்தால, பனிப்புகாரைக் கிழிச்சுக்கொண்டு
மஞ்சள் வந்துது.

ஒவ்வொரு ஈட்டியும் தனித்தனியா,
ஒவ்வொரு ஆளும் தனித்தனியா,
அவிச்ச முட்டையைப் பிளந்தமாதிரி.

பதினேழு நிமிசம்.
கோட்டை, வயல், கடைசியா நிண்ட ஆடு,
ஒண்டும் மிஞ்சேல்லை.
டிலக்சன் என்னை அடிக்காத குறை.
நான் எழும்பாமல்
திரையையே பாத்துக்கொண்டிருந்தன்.
ஆர் என்னைக் கொல்லுகினம் எண்டு
முதல்தரமா
வடிவாத் தெரிஞ்சுது.