அந்த அரை

கருப்பூர் ஆய்வகத்தில் சனிக்கிழமை காலை.
எந்திரத்தின் எண்ணெய் இன்னும் சூடேறவில்லை.
செவ்வாய்ப்பேட்டைக் கடைச் சீட்டோடு
மூன்று கம்பித் துண்டுகளைச்
சிமெண்ட் சாக்கில் சுற்றி வந்திருக்கிறார் சென்றாயன்.
பன்னிரண்டு மில்லி.
"எப்பங்க அறுத்துத் தருவீங்க?"

தாடைகளில் கவ்வக் கொடுத்து
வால்வை மயிரிழை திறக்கிறேன்.
பத்து. இருபது. முப்பது கிலோநியூட்டன்.
மூன்று டன் தொங்குகிறது என்று
கம்பியின் முகம் காட்டிக்கொள்ளாது.
நீண்டது அரை மில்லிக்கும் குறைவு.
உள்ளே சேர்ந்திருப்பது
அரை லிட்டர் பால் பாக்கெட்டைத்
தரையிலிருந்து நெஞ்சுவரை தூக்கும் உழைப்பு,
அவ்வளவுதான்.
வால்வைத் தளர்த்தினால்
வாங்கியதை அப்படியே திருப்பித் தந்துவிட்டு
பழைய நீளத்துக்குப் போய்விடும்.

சுமை பெருக்கல் நீட்சி, அதில் பாதி.
ஏன் மேடம் பாதி, என்று
வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்கும்.
முப்பதும் முதலிலேயே வந்துவிடவில்லை;
பூஜ்ஜியத்திலிருந்து ஏறி வந்தது.
அதே சுமையைப் பட்டும் படாமல் வைத்துச்
சட்டென்று கையை எடுத்துப் பாருங்கள்,
உயரத்திலிருந்து போடக்கூட வேண்டாம்,
கம்பிக்குள் தகைவு இரட்டிப்பாகும்.
இது வரைக்கும் கரும்பலகையில் எழுதுவேன்.

கொண்டலாம்பட்டி பைபாஸிலிருந்து
மாசி மாதம் ஒரு போன்.
"இது மாதேஷ் அக்கா நம்பருங்களா?"
நல்ல மனுஷன். குரல் உயர்த்தவில்லை.
மெதுவாகத்தான் வைத்தான்.
கையை எடுத்துவிட்டான்.

அம்மாவுக்கு மூன்று நாளாகச் சொன்னோம்.
முதலில் காலில் அடி என்று.
பிறகு பெரியாஸ்பத்திரி என்று.
பிறகு, டாக்டர் ஒன்றும் சொல்லமாட்டேன்கிறார் என்று.
அதே எடைதான்.
அம்மா இப்போது சமைக்கிறாள்,
ரேஷனுக்குப் போகிறாள்.
யார் போன் அடித்தாலும்
நான் மட்டும் எழுந்து நிற்கிறேன்.

வால்வை முழுதாகத் திறக்கிறேன்.
கம்பி இளகி, நடுவில் கழுத்து சிறுத்து,
அறுபத்தாறில்
பட்டென்று போகிறது.
சென்றாயன் ஓரடி பின்னால் துள்ளினார்.
ஜன்னலில் சேர்வராயன் மலை
அசையாமல் தன்னைத் தானே சுமந்துகொண்டிருந்தது.

அறுந்த முனையை அவர் கையில் வைத்தேன்.
"அட, சுடுதுங்களே!"
ஆமாம்.
திருப்பித் தர முடியாமல் போனது
அப்படித்தான் வெளியே வரும்.

கறுப்பு முள் பூஜ்ஜியத்துக்கு விழுந்துவிட்டது.
அதோடு ஏறிப்போன சிவப்பு முள்
அறுபத்தாறிலேயே நிற்கிறது.
அது தானாக இறங்காது.
அடுத்த துண்டை மாட்டும் முன்
விரலால்தான் திருப்ப வேண்டும்.

"இன்னும் ரெண்டு இருக்குதுங்க" என்கிறார்.