மடை அடைப்பு

நான்கு வருடமாகக் கறுப்புச் சேலைகளாக வாங்கினேன்.
தேவகோட்டைக் கூட்டுறவு வங்கியில்
எழும்போதெல்லாம் நாற்காலியைத் திரும்பிப் பார்க்கும் கேஷியர்
நான் ஒருத்திதான். ஹீமோகுளோபின் ஏழு.

‘எடுத்துவிடலாம், இனி எதற்கு அது’ என்றார் முதல் டாக்டர்,
வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்வதுபோல.

காரைக்குடியில் இரண்டாமவர்
மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் வரைந்தார்:
ஒரு கண்மாய், இரண்டு வாய்க்கால்,
வருவதையெல்லாம் உறிஞ்சும் மூன்று கட்டி.
வெட்ட வேண்டாம். மடையை அடைப்போம்.
‘அப்போ கருப்பை காய்ந்துபோகாதா?’
‘அதற்கு அக்கம்பக்கத்து ஓடை உண்டு.
கட்டிக்குக் கிடையாது.’

தொடை இடுக்கில் மரத்துப்போக ஓர் ஊசி.
விழித்தே கிடந்தேன்.
இடியாப்ப இழைபோல் ஒரு குழாய் உள்ளே போனது
உடம்புக்குத் தெரியவில்லை, திரையில் தெரிந்தது.
சாயம் பாய்ந்ததும்
அடிவயிறெங்கும் கறுப்பாய் வேர்.
பிறகு மணிகள், ரவையைவிடப் பொடி,
ரத்தத்தோடே மிதந்துபோய்
நுனிகளில் அடைத்துக்கொண்டன.
ஒரு கிளை மங்கியது. இன்னொன்று.
‘அவ்வளவுதான் உமையாள்.’

அவ்வளவுதான் இல்லை.
பட்டினி போட்டவை அன்று ராத்திரி கத்தின.
பிரசவ அறை பார்க்காதவள்
கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு
நர்ஸ் ஜெசிந்தாவைக் கண்டபடி திட்டினேன்.
அவள் கோபிக்காமல் அடுத்த ஊசியைப் போட்டாள்.

ஆறு மாதம். கொய்யா எலுமிச்சையாகியிருக்கிறது.
போய்விடவில்லை, கிடக்கிறது.

நேற்று சந்தன நிறச் சேலை.
டோக்கன் நூற்றிப் பதினாறுக்குப் பணம் எண்ணிவிட்டு எழுந்தேன்,
பழக்கதோஷம், திரும்பினேன்.
நாற்காலியில் சிவப்பு.

தொட்டுப் பார்த்தேன்.
ஸ்டாம்ப் மை.