மாங்காய் அச்சு

ஆடி வெள்ளி. கோட்டை மாரியம்மன் வாசல்.
என் தட்டில் கண்மலர், கை, கால்,
தொட்டில், பாம்பு, ஒரு மாடி வீடு.
எல்லாம் கால் கிராம், அரை கிராம்.
ஃபேன் போட்டால் பறக்கிற வெள்ளி.

"கிட்னி இருக்கா?" என்றாள்.
மஞ்சக்குட்டையில் முதல் பஸ் ஏறியவள்.
இருபது கொண்டை ஊசி வளைவின் கிறுகிறுப்பு
இன்னும் அவள் நிற்பதில் இருந்தது.

வயிறு இருக்கிறது என்றேன். வயிறில்லை என்றாள்.
இதயம் அதே விலைதான் என்றேன்.
"மொச்சைக் கொட்டை மாதிரி இருக்கும்,
டாக்டர் படம் போட்டுக் காட்டினாரு."

செவ்வாய்ப்பேட்டைக்கு போன் போட்டேன்.
கிட்னிக்கு அச்சில்லை. தீர்த்தகிரி யோசித்துச் சொன்னார்:
கொலுசுக்கு அடிக்கிற மாங்காய் இருக்கு,
மூக்கை மட்டும் கத்தரிச்சா போதும்.

ஒரு மணி நேரத்தில் வந்தது. நானே கத்தரித்தேன்.
"ஜோடியா?"
"ஒண்ணு.
என்கிட்ட இருக்கறதுக்கு ஒரு குறையுமில்ல.
தையில தம்பிக்குக் குடுத்தேன் பாருங்க, அதுக்கு.
புது உடம்பு. பழகணும்ல."

தம்பி பேர் சேர்வராயன்.
மலைச்சாமி பேரை வைத்துக்கொண்டு
அவரிடமே கேட்டிருக்கலாமே என்றேன்.
"அவருக்குக் கிட்னின்னா தெரியாதுங்க.
இவ, பெரியாஸ்பத்திரிக்குப் பக்கத்துல இருக்கறவ."

முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகினாள்,
தையல் போட்ட பக்கமாகப் பார்த்து.
உப்பும் மிளகும் வாங்கினாள். கூட்டம் மூடிக்கொண்டது.

உண்டியல் எண்ணி, ஏலம் விட்டு,
எடைக்கு எடை எங்களுக்கே திரும்பி வரும்.
ஐப்பசியில் மூசை முன் உட்கார்ந்து பிரித்தேன்.
கண்ணுக்குள் கால் செருகி, தொட்டிலில் பாம்பு நெளிந்து,
குங்குமம் ஒட்டிய குப்பை.
அதற்குள் மூக்கறுந்த மாங்காய்.
என் கத்தரி எனக்குத் தெரியும்.

எடுத்து வைத்தால் அது அம்மன் சொத்து.
போட்டால், ஆடிப்போன ஒரு வீடு
என் கையால் உருகுகிற மாதிரி.
தம்பி இருக்கிறானா என்று கேட்க
நம்பர் வாங்கி வைக்கவில்லை.
எல்லாவற்றையும் போட்டுவிட்டு
கடைசியில் அதைப் போட்டேன்.
மேலே கொஞ்சம் மிதந்தது.
பிறகு எது அது என்று தெரியவில்லை.

இப்போது தட்டில், இதயத்துக்கும் வயிற்றுக்கும் நடுவில்,
அதற்கென்று ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறேன்.
கேட்பவர் குறைவு.
அடுத்த ஆடியில் அவளைக் காணோம்.
வராதது நல்லதுக்குத்தான் என்கிறார் தீர்த்தகிரி:
பலித்தவங்க நேரா பொங்கல் வைக்கப் போயிடுவாங்க,
கடைப் பக்கம் எதுக்கு வரப்போறாங்க.