பக்கத்துக்கு அரைக்கால்

தலையை அளக்காமல் தொப்பி வாங்குவார்களா?
பிளாசீட் வாங்கினான்.
அறுநூறு டாலர். வார்ப்பிரும்பு அடுப்பு.
பழைய கணப்பு மாடத்துக்குள்
அப்படியே செருகிவிடலாமாம்.
செவ்வாய்க்கிழமை நான்கு பேர் தூக்கிவந்து
கூடத்தின் நடுவே வைத்துவிட்டுப் போனார்கள்.
அன்றிலிருந்து அதைச் சுற்றித்தான் நடக்கிறோம்,
பேசாமல்.

அடுப்பு நுழையும். சிக்கல் அதில் இல்லை.
அதன் தலையிலிருந்து கூரைவரை
ஆறு அங்குல எஃகுக் குழாய் ஏற வேண்டும்.
குழாயைச் சுற்றி அரை அங்குலத்துக்கு
வெப்பம் தாங்கும் பஞ்சு.
இரு பக்கமும் சேர்த்தால் ஏழு.
வீடு வாங்கியபோது வந்த காகிதத்தில்
புகைபோக்கியின் சுட்டமண் ஓடு
எட்டரைக்கு எட்டரை என்றிருக்கிறது.
எட்டரை, ஓட்டின் வெளிப்புறம்.
புகை வெளிப்புறத்தில் போவதில்லை.
உள்ளே ஏழேகால்.
ஏழேகாலில் ஏழு போனால் கால்,
அதைப் பக்கத்துக்குப் பாதியாய்ப் பிரித்தால்
அரைக்கால்.
இரண்டு காசை ஒட்டிவைத்த தடிமன்.
அதை நம்பித்தான்
ஆயிரத்து இருநூறுக்குக் குழாய் வாங்கப் போகிறான்.

முதலில் டப்பா, என்றேன்.
நான்கு நாளில் நான் பேசிய முதல் வார்த்தை.

காப்பித்தூள் டப்பா, குறுக்களவு ஆறு.
அவனுடைய கம்பளிச் சட்டை ஒன்றை வெட்டி
ஏழு வரும்வரை சுற்றித் தைத்தேன்.
எந்தச் சட்டை என்று அவன் கேட்கவில்லை.
உள்ளே கூழாங்கல் கனம். மேலே
நண்டுப்பொறிக் கயிறு, அடிக்கொரு முடிச்சு.

அவனுக்கு முழங்கால் ஆகாது. ஏணி எனக்கு.
ஷெட்டிகாம்பில் அக்டோபரில் கூரை ஏறுகிறவர்கள்
முதலில் மலைப் பக்கம் பார்ப்பார்கள்;
அங்கிருந்துதான் சுவெட் இறங்கும்,
லாரியைப் புரட்டிப் போடும் தென்கிழக்குக் காற்று.
இன்று மலை அசையாமல் இருந்தது.

மூடியைக் கழற்றிக் குனிந்தேன்.
அடியில் தபால்தலை அளவு வெளிச்சம்,
அதில் பாதி அவன் முகம்.
"ஒடீல்," என்றான்.
கூடத்தில் பக்கத்தில் நின்றாலும் கேட்காத குரல்
இருபத்திரண்டு அடி ஏறி
என் காதோரம் வந்து நின்றது.
"கண்ணாடி போட்டுக்கோ, கரி விழும்."
"போட்டிருக்கேன்."

ஒன்று. இரண்டு. மூன்று.
முடிச்சுகள் உள்ளங்கையைக் கடந்தன.
ஒன்பது. பத்து.
பதினொன்றில் கயிறு தளர்ந்தது.

ஆட்டினேன். தூக்கி விட்டேன். அதே இடம்.
"மாட்டிக்கிச்சா?"
நான் பதில் சொல்லவில்லை.
டப்பா வட்டம், குழாய் சதுரம்;
அடைபடாத நான்கு மூலை வழியாகவும்
அவன் மூச்சு விடுவது கேட்டது.
பிறகு, செங்கல்லிடம் சொல்வதுபோல்,
"முதல்லயே அளந்திருக்கணும்," என்றான்.
"விலை குறைச்சலா இருந்துச்சு.
போன குளிர்ல நீ
கையுறையோட வெங்காயம் நறுக்கினே.
அதையே பார்த்துக்கிட்டிருந்தேன்."

நேருக்கு நேர் சொல்லியிருந்தால்
ஏதாவது திருப்பிக் கொடுத்திருப்பேன்.
கூரைமேல், கையில் கயிற்றோடு,
தொண்டையைச் செருமிக்கொண்டேன்.
அதுவும் அவனுக்குக் கேட்டிருக்கும்.

மூன்றாம் இழுப்பில் வந்தது.
ஒரு பக்கம் மட்டும் கம்பளி கிழிந்திருந்தது,
செம்மண் தூள் ஒட்டி.
மற்ற மூன்று பக்கமும் தூசி பட்ட அளவுதான்.
குழாய் ஒடுக்கம் என்றால்
நாலா பக்கமும் உரசியிருக்க வேண்டும்.
டார்ச்சைக் கயிற்றில் கட்டி இறக்கினேன்.
அங்கே இருந்தது: பதினோராம் அடியில்,
கடல் பார்த்த பக்கம், ஒரே ஒரு ஓடு,
சுண்ணாம்பு உதிர்ந்து, வரிசையை விட்டு
விரலகலம் உள்ளே வந்து நின்றுகொண்டு.

"பிளாசீட், ஒண்ணுதான். ஒரே ஓடுதான்."
"எடுக்க முடியுமா?"
"வெளியிலேருந்து நாலு செங்கல் உடைச்சா முடியும்.
அதுக்கப்புறம் மறுபடி டப்பா.
அதுக்கப்புறம்தான் குழாய்."
"சரி," என்றான். "சரி, சரி."
எத்தனை சரி சொன்னான் என்று எண்ணவில்லை.

இறங்கி வந்தேன். கணப்பிலிருந்து
அவன் பின்பக்கமாக ஊர்ந்து வெளியே வந்தான்.
முகமெல்லாம் கரி, கண்ணைச் சுற்றி
இரண்டு வெள்ளை வளையம்.
டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
கிழிசலை விட்டுவிட்டு, தையலை.

"நல்ல சட்டை இது."
"ஏழு அங்குலம் வர வேண்டியிருந்தது," என்றேன்.