வியாழன், இரண்டு முதல் நான்கு வரை

மூன்று கல்லூரிகளின் கால அட்டவணைகளை
ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து
சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.
பொதுவாக ஒரே ஓர் ஓட்டை தெரிந்தது:
வியாழன், இரண்டு முதல் நான்கு வரை.
அதற்குள் ஐந்து பேரை நுழைத்தேன்.

குலசேகரம். மழைக்கு முந்திய புழுக்கம்.
ஐந்து பேருக்கு நாலு நாற்காலி.
ஹரிநந்தன் உட்கார்ந்தான், எம்.பி.பி.எஸ். மூன்றாம் வருடம்,
யோசிக்கவே இல்லை.
நர்சிங் படிக்கும் டெல்பின் நின்றாள்,
அவளும் யோசிக்கவில்லை.
இரண்டையும் குறித்துக்கொண்டேன்.
நானும் இருபது வருடம் வார்டில் நின்றவள்தான்.

நடுவில் ராஜையன், பால்வெட்டுக்காரர், ஐம்பத்தெட்டு வயது.
திங்கள்கிழமை விடியுமுன்
ரப்பர் மரங்களுக்கிடையே மயங்கிக் கிடந்தவர்.
தலையில் கட்டிய விளக்கு
அணையாமல் இருந்ததால் கண்டுபிடித்தார்களாம்.

அவரவர் தனியாகப் பேசி
தனியாக எழுதி வந்ததை
வாசியுங்கள் என்றேன்.

ஹரி: சர்க்கரை நாற்பத்தாறு.
உணவு தவறியிருக்கலாம்.
பார்மசி நஸ்ரின்: மாத்திரை ஒருநாளும் தவறியதில்லை.
காலையில், சாப்பாட்டுக்கு முன்.
பிசியோ அஜின் மரங்களை எண்ணியிருந்தான்,
முந்நூற்று ஐம்பது,
எல்லாம் சரிவில்; இடது முட்டியில் வீக்கம்.
சித்தா படிக்கும் சுபலட்சுமி தயங்கினாள்.
"வெறும் வயித்துல பாவக்காய்ச் சாறு குடிக்காரு.
டாக்டருமாருட்ட சொல்லாண்டாம்னு சொன்னாரு."
ராஜையன் கூரையைப் பார்த்தார்.
கடைசியாக டெல்பின், நின்றபடி:
எழும்புவது இரண்டரைக்கு. ஒரு கட்டன்சாயா.
மரச்சீனிக் கிழங்கு பத்து மணிக்கு.

மின்விசிறி மட்டும் பேசியது.
பிறகு நஸ்ரின், மெதுவாக:
"உங்களுக்குக் காலைன்னா எத்தன மணி?"
"ரண்டர."

ஹரி தன் தாளில் ஒரு வரியை அடித்தான்.
டெல்பினின் தாளைக் கேட்டு வாங்கினான்.
எட்டு மாதமாக ஒரே வார்டு;
அவள் கையெழுத்தை
அவன் இன்றுதான் வாசிக்கிறான்.

அதற்குப் பிறகு ஒரே சத்தம்.
மாத்திரையைப் பத்து மணிக்கு நகர்த்தலாமா,
டாக்டரிடம் கேட்க வேண்டும், நீ கேள், நீயே கேள்,
சாறை நிறுத்தச் சொன்னால் ஒளித்துக் குடிப்பார்,
வலக்கையில் கத்தி, அதனால் மிட்டாய் இடப்பக்கப் பையில்.
தீர்மானமாயிற்று:
கிளம்புமுன் இரண்டு துண்டு புட்டு.
ஐவர் முகத்திலும் பரீட்சை முடிந்த களை.

வாசலில் இருந்து றோசிலி கேட்டாள்,
அவர் மனைவி, கையில் டோக்கன் சீட்டும் துணிப்பையும்:
"ரண்டு மணிக்கு புட்டு அவிக்க
ஆரு எழும்பணுமாக்கும்?"

சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.
ஏழு மணிக்கு அவள் அண்டியாபீஸில் இருக்க வேண்டும்,
ராத்திரி பதினொன்றுக்குத்தான் படுக்கிறாள்.
எந்தத் தாளிலும் அவள் இல்லை.
என் தாளிலும்.

ஹரி எழுந்து வெளியே போனான்.
ஓ.பி.யில் இருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்து
றோசிலிக்குப் போட்டான்.
டெல்பின் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்;
அவன் காலி செய்த நாற்காலியில்
அவனுடைய பை உட்கார்ந்திருந்தது.
அதையும் குறித்துக்கொண்டேன்.

முந்தின நாள் அவித்த கிழங்கு போதும் என்று
றோசிலியே முடித்துவைத்தாள்.
மதிப்பெண் படிவத்தை எடுத்தேன்.
முதல் கட்டத்தில் 'துறை' என்றிருந்தது.
மூடி வைத்தேன்.

தகரக் கூரையில் மழை விழத் தொடங்கியது.
செருப்பைத் தேடிக்கொண்டே ராஜையன் திரும்பினார்:
"மழையானா நாளைக்கி வெட்டு இல்ல மக்களே.
அப்பம் குளிகை எப்பம்?"

மடித்த தாள்கள் மறுபடி விரிந்தன.
மணி நாலே கால்.
டெல்பின் அந்தப் பையைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு
உட்கார்ந்தாள்.